புதுப்பிப்பு: வாசகம் இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் வீட்டு ஜெபம் தொடங்கிவிட்டது

எனக்குத் திக்குவாய் என்பதால் கத்தோலிக்கக் கோயிலில் நான் பைபிள் வாசகம் வாசிக்கவும் வேண்டாம், ஞானோபதேசம் (மறைக்கல்வி) சொல்லித்தரவும் வேண்டாம் என்று தொண்டிப் பக்கத்து எங்கள் கடற்கரை ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டதைப் போன பதிவில் எழுதியிருந்தேன். வேறு ஊருக்குப் போய்விடச் சொன்னீர்கள் பலர். போகவில்லை.

காரணம், போர்ச்சுகலிலிருந்து இங்கே போதிக்க வந்த சேசு சபைக் குரு புனித அருளானந்தர். 1686-ல் மறவ நாட்டில் (இன்றைய ராமநாதபுரம் பகுதி) அவரைப் பிடித்து வதைத்து, இனி இங்கே போதிக்கக் கூடாது என்று விரட்டினார்கள். ஐரோப்பா வரை போனவர் திரும்பவும் இங்கேதான் வந்தார். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலையைக் கொடுத்தார். அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே எனக்கு மனசு தேறுகிறது. பைபிளில் திருத்தூதர் பவுலும் தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டினார். முள் போகவில்லை, அருள் போதும் என்ற பதில்தான் வந்தது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். வலை கட்டிக்கொண்டிருந்த ஆத்தா ஒருவர், "மகன் கடலுக்குப் போயிருக்கான், ஜெபம் பண்ணுப்பா" என்றார். இயேசு கற்பித்த ஜெபத்தின் 'விண்ணுலகில்' என்ற முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். அவர் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்கவில்லை. வலை ஊசியை மடியில் வைத்துவிட்டு, சொல் வரும்வரை காத்திருந்தார். இப்போது அக்கம்பக்கத்து வீடுகளிலும் கூப்பிடுகிறார்கள்.

பெரியவர்கள் இன்னும் மாறவில்லை, வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. அடுத்த பங்குக் கூட்டத்தில் மறுபடி கேட்பேன்.