அப்பா மாந்தோப்புல எனக்கு பங்கு உண்டா? விடுதலை பத்திரத்துல கையெழுத்து கேக்கறாங்க

மாந்தோப்பு மக (சந்தூர், இப்ப ஓசூர்):

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க அப்பா போன ஆடியில தவறிட்டாரு, உயில் எதுவும் எழுதல. சந்தூர் பக்கம் நாலரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கு, அதுல ரெண்டரை ஏக்கர் அப்பா 1987ல சம்பாதிச்சு வாங்குனது, மீதி ரெண்டு தாத்தா வழியில வந்தது. அம்மா இருக்காங்க, ரெண்டு அண்ணனுங்க, நான். பெரிய அண்ணன் போன் பண்ணி வெள்ளிக்கிழமை சார்பதிவாளர் ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டு போயிடு, பட்டா மாத்தறதுக்கு வேணும்னாரு. என்ன பத்திரம்னு கேட்டு வாட்ஸ்அப்புல அனுப்ப சொல்லி படிச்சா மேல விடுதலை பத்திரம்னு இருக்கு, எனக்கு உள்ள பாத்தியதை எல்லாத்தையும் சகோதரர்களுக்கு விட்டு கொடுக்கறேன்னு எழுதிருக்கு. கேட்டா, உனக்குதான் கல்யாணத்துக்கு பத்து பவுனும் வண்டியும் போட்டோம்ல, அதுவுமில்லாம நீ 2003லயே கட்டிகிட்டு போயிட்ட, பொண்ணுக்கும் பங்குன்னு சட்டம் வந்தது 2005ல, உனக்கு எதுவும் வராதுங்கறாரு.

எனக்கு பணத்தாசை இல்லீங்க, சத்தியமா சொல்றேன். இந்த வைகாசியில பையன கூட்டிகிட்டு தோப்புக்கு போயிருந்தேன், கெணத்தோரம் ஒரு செந்தூரா மரம் இருக்கு, நான் ஆறாவது படிக்கறப்ப அப்பா நட்டது, பள்ளிக்கூடம் விட்டு வந்து குடத்துல தண்ணி மொண்டு ஊத்துனது நான்தான். கீழ விழுந்து கிடந்த ரெண்டு பழத்தை பையன் எடுத்தான், குத்தகைக்காரரோட காவல் ஆளு ஓடி வந்து "யாரும்மா நீ, பழத்தை கீழ போடு"ன்னுட்டான். அண்ணன் பக்கத்துலதான் நின்னாரு, என் தங்கச்சின்னு ஒரு வார்த்தை சொல்லல. பையன் பழத்தை மெதுவா கீழ வெச்சான். அதுலருந்து தூக்கம் வரமாட்டேங்குது. கையெழுத்து போடறதா வேணாமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பத்திர எழுத்தர் (கிருஷ்ணகிரி):

தங்கச்சி, வெள்ளிக்கிழமை போகாதீங்க, மத்தது அப்புறம். இருபது வருஷமா பத்திர ஆபீஸ் வாசல்லயே உக்காந்து எழுதறவன் சொல்றேன், பட்டா மாத்தறதுக்கு விடுதலை பத்திரம் தேவையே இல்ல. இறப்பு சான்று, வாரிசு சான்று, மூல பத்திரம் இதெல்லாம் வெச்சு இ-சேவையில மனு போட்டா நாலு பேர் பேருலயும் கூட்டு பட்டா வாங்கலாம். ஆனா விடுதலை பத்திரம் ஒரு தடவை ரிஜிஸ்டர் ஆயிடுச்சுன்னா அதை ரத்து பண்ண கோர்ட்டுக்குதான் போகணும், ஏமாத்தி வாங்குனாங்கன்னு நீங்கதான் நிரூபிக்கணும்.

சட்டத்துக்கு வருவோம். அப்பா சொந்தமா வாங்குன ரெண்டரை ஏக்கருக்கும் 2005க்கும் சம்பந்தமே கிடையாது. உயில் இல்லாம செத்தா மனைவி, பசங்க, பொண்ணுங்க எல்லாருக்கும் சமம்னு 1956 இந்து வாரிசுரிமை சட்டத்துலயே இருக்கு, ஆனா இன்னிக்கு வரைக்கும் ஊருக்குள்ள முக்கால்வாசி பேருக்கு இது தெரியல. ஆளுக்கு கால் பங்கு, உங்களுக்கு அறுபத்திரெண்டரை சென்ட். தாத்தா வழி ரெண்டு ஏக்கர் பூர்வீகம்தானான்னு பழைய பத்திரத்தை பாத்துதான் சொல்லணும். பூர்வீகம்னா முதல்ல அப்பா, ரெண்டு அண்ணன், நீங்கன்னு நாலா பிரியும், அப்புறம் அப்பாவோட கால் பங்கு அம்மாவையும் சேத்து மறுபடி நாலா பிரியும், ஆக பதினாறுல அஞ்சு பங்கு உங்களுது, அதுவும் கணக்கு போட்டா அறுபத்திரெண்டரை சென்ட்தான் வருது. பூர்வீகம் இல்லன்னா அதுல அம்பது சென்ட்.

அண்ணன் சொல்ற வருஷ கணக்கும் தப்பு. நம்ம தமிழ்நாட்டுல கலைஞர் ஆட்சியில 1989லயே திருத்தம் வந்தாச்சு, அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு பூர்வீக சொத்துல ஆம்பள பசங்க மாதிரியே பங்கு. நீங்க கட்டுனது 2003. அப்புறம் மத்திய அரசு 2005 செப்டம்பர் 9ல இந்த கல்யாண நிபந்தனையையும் எடுத்தாச்சு, 2020 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் வினீதா சர்மா வழக்குல இந்த உரிமை பொறப்புலயே வர்றது, 2005ல அப்பா உயிரோட இருந்தாரா இல்லையாங்கற கேள்வியே வேணாம்னு தீர்ப்பு சொல்லியாச்சு. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே பாகம் பிரிச்சு ரிஜிஸ்டர் பண்ணிருந்தா வேற மாதிரி பாக்கணும், அதனால உடனே வில்லங்கம் (அந்த நிலத்து மேல பதிவான பத்திரங்களோட விவரம்) போட்டு பாருங்க. நகை, சீரெல்லாம் பங்குல கழியாது.

மாம்பழ விவசாயி (ஊத்தங்கரை):

எழுத்தர் அண்ணன் சொன்னது சட்டம், நான் ஒத்துக்கறேன். ஆனா வீட்டோட இருந்து பாடுபட்டவன் பக்கமும் ஒருத்தர் பேசணும்ல. போன வருஷம் பெங்களூரா ரக மாங்கா விலை விழுந்தப்ப மாம்பழ கூழ் ஃபாக்டரி வாசல்ல ராத்திரி முழுக்க லோடோட காத்து கெடந்தோம், பறி கூலி, வண்டி வாடகை கூட கைக்கு வரல, சொசைட்டி கடன் என் பேருலதான் இருக்கு, அப்பாவ சேலம் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனதும் நான்தான். தங்கச்சி வந்து பாதி கேட்டா மனசு வலிக்கும்ங்க. நாலரை ஏக்கரை நாலு துண்டா போட்டா வழி யாருக்கு, கெணறு யாருக்கு, கரண்ட் சர்வீஸ் யார் பேருல, சட்டம் போட்டவங்க இதையெல்லாம் நினைச்சு பாத்தாங்களான்னு எனக்கு தெரியல. பங்கு கேளுங்க வேணாங்கல, ஆனா கடன், செலவு எல்லாத்தையும் கணக்குல எடுத்துகிட்டு கேளுங்க. அந்த காவல் ஆளு பேசுனப்ப அண்ணன் சும்மா நின்னது மட்டும் பெரிய தப்பு, நானா இருந்தா அவன் கணக்கை அன்னிக்கே முடிச்சு அனுப்பிருப்பேன்.

பாலக்கோடு அக்கா:

நான் இதுல அடிபட்டவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். எங்க அப்பா நிலத்துக்கு நானும் தங்கச்சியும் தர்மபுரி கோர்ட்ல பாகப்பிரிவினை கேஸ் போட்டு எட்டு வருஷம் அலைஞ்சோம். காலையில சோத்தை கட்டிகிட்டு பஸ் ஏறுவோம், பத்தரைக்கு கோர்ட் வராண்டாவுல நிப்போம், பேரை கூப்பிடுவாங்க, எதிர் பார்ட்டி வக்கீல் வரல, வாய்தா, அவ்ளோதான், அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. ஒரு வருஷம் ஜட்ஜ் மாறுனாரு, ஒரு வருஷம் எங்க கேஸ் கட்டையே காணோம்னாங்க. எதிர்ல அண்ணன் உக்காந்திருப்பான், ஒரே டீக்கடையில ரெண்டு பேரும் முதுகை காட்டிகிட்டு டீ குடிப்போம். கோர்ட் நியாயம் குடுக்காதுன்னு சொல்லமாட்டேன், குடுக்கும், ஆனா அதுக்குள்ள நம்ம தலை நரைச்சுடும்.

கடைசியில மக்கள் நீதிமன்றத்துல ஒரே நாள்ல முடிஞ்சது. அங்க ரெண்டு பக்கமும் ஒத்துகிட்டு எழுதுனா கோர்ட் தீர்ப்பு மாதிரியே செல்லும், அப்பீல் கிடையாது, கட்டுன கோர்ட் ஃபீஸும் திரும்ப கிடைக்கும். கேஸ் போடாமலேயே மனு குடுத்து பேசலாம்னு எட்டு வருஷத்துல ஒருத்தர் கூட எனக்கு சொல்லல, அந்த கோவம் இன்னும் இருக்கு. கோர்ட் வளாகத்துலயே இலவச சட்ட உதவி மையம் இருக்கு கண்ணு, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு கேக்கமாட்டாங்க, வக்கீல் வெச்சு குடுப்பாங்க. 15100க்கு போன் பண்ணாலும் சொல்லுவாங்க. முதல்ல அங்க போ.

இன்னொன்னு, அம்மாவோட பங்கை மறந்துடாதீங்க. எங்க அம்மா கையெழுத்தையும் சேத்து வாங்கிட்டு கடைசி காலத்துல அவங்கள எந்த வீட்லயும் வெச்சுக்க ஆளில்லாம போச்சு.

தர்மபுரிக்காரன்:

எங்க வீட்ல அக்காவுக்கு பங்கு குடுத்தோம். கெணறும் வழியும் எல்லாருக்கும் பொதுன்னு பத்திரத்துலயே எழுதிட்டோம், கடனை கழிச்சுட்டுதான் பிரிச்சோம், அக்கா அவங்க பங்கை எனக்கே குத்தகைக்கு விட்டிருக்காங்க. ஊத்தங்கரை அண்ணன் பயப்படற மாதிரி தோப்பு எதுவும் துண்டாகல. செலவு பத்தி ஒரு வருத்தம் உண்டு, குடும்பத்துக்குள்ள பாகம் பிரிக்கறதுக்கு இருந்த உச்சவரம்பை 2023 ஜூலையில ஏத்திட்டாங்க, முத்திரை தீர்வை 25,000ல இருந்து 40,000, பதிவு கட்டணம் 4,000ல இருந்து 10,000. பொண்ணுக்கு பங்கு குடுன்னு சட்டம் போடற அரசாங்கம் அதை எழுதி குடுக்கற செலவையும் குறைக்கணும், இல்லன்னா இதையே சாக்கா சொல்லி வாய் பேச்சோட நிறுத்திடறாங்க.

மாந்தோப்பு மக:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, அக்கா நீங்க எழுதுனத படிச்சு அழுதுட்டேன். வெள்ளிக்கிழமை வரலன்னு பெரிய அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், பதில் பேசாம போனை வெச்சுட்டாரு. வில்லங்கத்துக்கு ஆன்லைன்ல போட்டாச்சு. அம்மாகிட்ட உனக்கும் பங்கு இருக்கும்மான்னு சொன்னேன், ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "கையெழுத்து போட என்னையும்தான் வெள்ளிக்கிழமை கூப்பிட்டான், பேங்க்குக்குன்னு சொன்னான்"னாங்க. சின்ன அண்ணன் ராத்திரி தனியா கூப்பிட்டாரு, தோப்பு மேல எவ்வளவு கடன் இருக்குன்னு எழுதி அனுப்பறேன், நீ அம்மாவ கூட்டிகிட்டு ஞாயித்துக்கிழமை வா, கெணத்தடியில உக்காந்து பேசலாம்னாரு. எழுத்தர் அண்ணா, தாத்தா பத்திரத்தோட நம்பர் எங்ககிட்ட இல்ல, வெறும் சர்வே நம்பர வெச்சு தேட முடியுமா?