புதுப்பிப்பு: 485 விசாவுக்கான பல்கலைக்கழகக் கடிதம்

ஆஸ்திரேலியாவில் படித்து முடித்தவர்கள் அங்கேயே தற்காலிகமாகத் தங்கி வேலை செய்வதற்கான 485 விசாவுக்குப் பட்டமளிப்பு விழா வரை காத்திருக்க வேண்டாம், படிப்பை முடித்ததற்கான கடிதமும் மதிப்பெண் பட்டியலும் போதும் என்று இந்த இழையில் எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று பலர் கேட்டதால் இது.

கடிதத்தின் உயிரே ஒரு தேதிதான்: பட்டத்துக்கான கல்வித் தேவைகளை நிறைவு செய்த நாள். விசாவுக்கு விண்ணப்பிப்பதற்கான 6 மாதக் கெடு அதிலிருந்துதான் ஓடும், பட்டம் வழங்கிய நாளிலிருந்து அல்ல. சில கடிதங்களில் விழா தேதி மட்டும் இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் கெடு கைநழுவிவிடும். நிறைவு நாளைக் குறிப்பிட்டுப் புதுக் கடிதம் தரும்படி மாணவர் சேவைப் பிரிவுக்கு உடனே எழுதுங்கள். ஆய்வு மாணவர்களே, ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாள் நிறைவு நாள் ஆகாது.

படிப்பின் பெயர், தொடங்கிய நாள், வளாகம், முழுநேரமா, ஆங்கிலவழியா என்பனவும் வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். அப்பா பெயரும் நம் பெயரும் இடம் மாறிப்போவது நம்மவர்களுக்கு அடிக்கடி நடப்பது. சிஓஇ (CoE, படிப்பில் சேர்ந்ததை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தரும் ஆவணம்) சேர்க்கைக்குத்தான் சான்று. முடித்ததற்கு அதைக் காட்ட முடியாது.