ஜாஸ் நிகழ்ச்சிகளுக்கு ஏற்ற மலிவான ஆர்ச்டாப் கிட்டார் எது?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கும் நான், கொழும்பு ஹோட்டல்களில் டிரம்ஸுடன் ஜாஸ் வாசிக்கத் தொடங்கியிருப்பதால், விலை குறைந்த ஆர்ச்டாப் (மேற்பலகை வளைந்து மேடாக இருக்கும்) கிட்டார் ஒன்றைத் தேடுகிறேன். முழு மரத்தில் செதுக்கிய மேற்பலகை அவசியமா?

மறுமொழி: அவசியமில்லை, நண்பரே. 1949இல் வந்த கிப்சன் ஈஎஸ்-175 என்ற பிரபல ஜாஸ் கிட்டாரின் மேற்பலகையே ஒட்டுப்பலகைதான்; அது குறைவாக அதிர்வதால், ஆம்ப்ளிஃபயருக்கு அருகில் வாசிக்கும்போது எழும் ஃபீட்பேக் இரைச்சலும் குறைகிறது, நமது கடற்கரை ஈரப்பதத்தையும் அது நன்றாகத் தாங்குகிறது. அதேபோல் ஒட்டுப்பலகை கொண்ட, விலை குறைந்த ஐபனீஸ் ஏஎஃப்75 கிட்டாரைப் பாருங்கள்.

மறுமொழி: எதை வாங்கினாலும், பெரும்பாலான ஆர்ச்டாப்களில் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கி நிற்கும் துண்டு) ஒட்டப்படாமல் கம்பிகளின் அழுத்தத்தில் மட்டுமே நிற்பதால், கம்பிகளை ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள், ஒரேயடியாகக் கழற்றினால் பிரிட்ஜ் நகர்ந்து சுருதி பிசகிவிடும். ஃப்ளாட்வவுண்ட் (தட்டையான உலோக நாடா சுற்றிய, வழவழப்பான) கம்பிகளையே போடுங்கள், அந்தக் கனிந்த ஒலிக்கு அவைதான் வேண்டும்.

கேட்டவர்: மிக்க நன்றி. சனிக்கிழமை கடையில் வாசித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.