ஆறாம் வகுப்புக்குப் பள்ளி தேடிய கதை

எங்கள் தெருவிலுள்ள பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மகனுக்கு ஆட்டிசம். பேசுவான், கணக்கை மனத்திலேயே போட்டுவிடுவான். ஆனால் எதிர்பாராமல் மணி அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவான். அவனுக்கு உயர்நிலைப் பள்ளி தேடிய அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன்.

முதலில் போன தனியார் பள்ளியில் நுழைவுத் தேர்வை நன்றாகவே எழுதினான். ஆட்டிசம் என்று நான் சொன்னதும், “இவர்களுக்கென்று தனிப் பள்ளி இருக்கிறதே, அம்மா” என்றார்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுந்து வந்திருக்க மாட்டேன். அடுத்த பள்ளி, உடன் உட்கார ஓர் ஆளை எங்கள் செலவில் வைத்தால் சேர்ப்பதாகச் சொன்னது. கட்டுப்படியாகவில்லை.

மூன்றாவது, பக்கத்து ஊரில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளி. தலைமையாசிரியை மதிப்பெண் பட்டியலைத் திறக்கவே இல்லை. “எதற்குப் பயப்படுவான்?” என்று கேட்டார். மணி என்றேன். “வா தம்பி, எங்கள் மணியைப் பார்” என்று அவனை அழைத்துக்கொண்டு போனார். வேப்ப மரக் கிளையில் தொங்கிய தண்டவாளத் துண்டு. விரலால் தொட்டவன் வெயிலில் சுட்டதும் கையை இழுத்துக்கொண்டான். சுத்தியலை அவனிடமே கொடுத்து மெல்லத் தட்டச் சொன்னார். மூன்று முறை தட்டினான். பிறகு, எத்தனை மணிக்கெல்லாம் அடிப்பீர்கள் என்று கேட்டு, எட்டு நேரங்களையும் சொல்ல வைத்து மனப்பாடம் செய்துகொண்டான். அங்கேயே சேர்த்துவிட்டோம்.

குறைகள் உண்டு. வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியருக்குப் பல பள்ளிகள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மாற்றுத்திறன் கொண்ட 15 மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று மத்திய அரசு 2022இல் அறிவித்தது; எங்கள் பக்கம் அது இன்னும் வந்து சேரவில்லை. மதிய உணவு வரிசையின் இரைச்சலில் இப்போதும் காதைப் பொத்துகிறான். ஆனால் யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை.

நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. “பிள்ளைக்கு முத்திரை குத்தாதே” என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்காமல் மூன்று வருடம் கழித்துவிட்டேன். பிறகு போன இடத்தில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “நன்றாகத்தானே பேசுகிறான்” என்று அனுப்பிவிட்டார்கள். இன்னோர் இடத்தில்தான் முறையாக ஐசா (ISAA) என்ற, ஆட்டிசத்தின் அளவைக் கணிக்கும் இந்திய மதிப்பீட்டைச் செய்தார்கள். அதில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70 என்றால் 40 சதவீத மாற்றுத்திறன். வீட்டில் அவன் எப்படி இருக்கிறான் என்று என்னிடம் பொறுமையாகக் கேட்டார்கள். முதல் இடத்தில் மறுத்துவிட்டால் விட்டுவிடாதீர்கள்.

— செங்கல்பட்டுப் பக்கம், ஓர் அம்மா

*

சகோதரி, என் மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது படிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு. இப்போது ஒன்பதாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பில் வாங்கிய சான்றிதழைப் பத்திரமாக வைத்திருந்தேன். கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்கு மேல்தான் சான்றிதழ் தருவார்கள், 14 வயதில் மறுபடி மதிப்பீடு செய்ய வேண்டும், 18இல் இன்னொரு முறை என்பது எனக்குத் தெரியவில்லை. இப்போது அலைந்துகொண்டிருக்கிறேன்.

பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு கேட்கலாம் என்கிறார்கள். தமிழை விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு. அவனோ மனப்பாடச் செய்யுளை ராகம் போட்டு ஒரு சொல் பிசகாமல் சொல்கிறான். எழுதச் சொன்னால் ‘ழ’வும் ‘ள’வும் இடம் மாறிவிடுகின்றன. விட மனம் வரவில்லை.

— காஞ்சிபுரத்திலிருந்து ஓர் அப்பா

*

அண்ணா, அவசரப்பட்டுத் தமிழை விடாதீர்கள். நான் ஆசிரியை. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவராக உட்கார்ந்திருக்கிறேன். கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. அவன் வாயால் சொல்வதை நாங்கள் எழுதுவோம். ‘ழ’வும் ‘ள’வும் எங்கள் பொறுப்பு. புதிய சான்றிதழ் கைக்கு வந்ததும் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

ஆனால் பழக்கம் வேண்டும். ஒரு பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முன்பின் தெரியாத என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு, முதல் அரை மணி நேரம் வினாத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதுவும் தூண்டிச் சொல்லக் கூடாது. அதனால் இப்போதிருந்தே வாரத்துக்கு ஒரு நாள், வீட்டுக்கு வெளியே இருக்கும் யாரையாவது எதிரில் உட்கார வைத்து, அவனைச் சொல்லச் சொல்லுங்கள். செய்யுளில் எந்த இடத்தில் அடி முடிகிறது என்பதையும் அவன்தான் சொல்ல வேண்டும்.