கைமாத்துக்கு எழுத்து வேணுமா? (கம்பம், குமுளி பக்கத்துக்காரங்க சொல்லுங்க)

குமுளிச்சாலை:
மச்சானோ, சம்பந்தி வீடோ, கூட வேலை பார்க்கிறவரோ, கைமாத்து கொடுத்தா புரோநோட்டு, அதாவது கடனைத் திருப்பித் தர்றேன்னு கையெழுத்துப் போட்ட சீட்டு, எழுதி வாங்கிடணும். பணம் திரும்பாததைவிட, "தந்தது அம்பது", "இல்ல அறுபது" ங்கிற ஞாபகச் சண்டைதான் ஆளுகளை அதிகம் பிரிக்குது.

மேற்குமலை:
ஒத்துக்க மாட்டேன் அண்ணே. மச்சான்கிட்ட ஸ்டாம்பு ஒட்டி கையெழுத்துக் கேட்டா அன்னைக்கே மனசு விட்டுப்போகும். கேஸ் போடப் போறதில்லைன்னா காகிதம் எதுக்கு? கேட்டது 1 லட்சமா இருந்தாலும், வராமப் போனா நம்ம குடும்பம் தாங்குற தொகை எவ்வளவோ அதை மட்டும் கொடுங்க. வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சு கொடுங்க.

குமுளிச்சாலை:
வீட்டுக்குத் தெரியணும்ங்கிறது சரி. ஆனா கல்யாணத்துல மொய் நோட்டுல பேரும் தொகையும் எழுதுறோமே தம்பி, எந்த மாமன் கோவிச்சுக்கிட்டார்?

தேதி, ஊர், தொகை எண்ணாலும் எழுத்தாலும், வட்டி உண்டா இல்லையா, எல்லாம் எழுதி ரெவின்யூ ஸ்டாம்பு மேல கையெழுத்து. வெத்து நோட்டுல யாரும் கையெழுத்துப் போடாதீங்க. வச்சிருக்கிறவர் தொகையை நிரப்பிக்கலாம், தீராத பகை அங்கதான் முளைக்குது. எழுதின ஊர் கம்பம்னா, வாங்கினவர் குமுளிக்கு அந்தப் பக்கம் கேரளாவுல குடியிருந்தாலும் உத்தமபாளையம் கோர்ட்டுலயே கேக்கலாம். கேஸ் போடக் கெடு 3 வருஷம். அதுக்குள்ள கொஞ்சம் திருப்பித் தந்தா நோட்டுக்குப் பின்னாடி அவரே தேதியோட எழுதிக் கையெழுத்துப் போடணும். அன்னையிலிருந்து புது 3 வருஷம். தொகை 20,000 தொட்டா பேங்க் வழியா அனுப்புங்க. ரொக்கமா கடன் வாங்க வருமான வரிச் சட்டம் பொதுவா விடாது.

ஏலக்காடு:
மலையாளம் மட்டும் படிக்கிறவர்கிட்ட தமிழ் நோட்டை நீட்டாதீங்க. மலையாளத்துல எழுதுங்க, இல்லாட்டி ரெண்டும் தெரிஞ்சவர் வாசிச்சுக் காட்டி, அதைக் குறிச்சு சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்.

தவணையும் யோசிச்சுப் பேசணும். ஏலக்காய்த் தோட்டக்காரருக்கு "மாசம் 5ஆம் தேதி" சரிப்படாது. காய் எடுப்பு 30, 45 நாளுக்கு ஒரு தடவை. புத்தடி, போடியில ஏலம் விட்டு வித்தாத்தான் காசு. எடுப்புக்கு ஒரு தவணைன்னு வைங்க. எடுப்பில்லாத கோடையில நெருக்கினா அவர் கண்ணுல படாமத்தான் போவார். அதை ஏமாத்துன்னு நினைச்சுக்கிறோம்.

மேற்குமலை:
இது உருப்படியான பேச்சு. நோட்டு வாங்கினவங்க செய்ற தப்பு, காகிதம் இருக்குன்னு ரெண்டு வருஷம் வாயே திறக்காம இருந்துட்டு, கெடு முடியப்போற நேரத்துல வக்கீல் நோட்டீஸ் விடுறது. முதல் தவணை தவறின வாரமே தனியாப் போய்க் கேளுங்க. பொண்டாட்டி பிள்ளைங்க முன்னாடி வேண்டாம், குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுல வேண்டவே வேண்டாம். "எப்ப தருவ"ன்னா பொய்த்தேதி வரும். "இந்த எடுப்புல எவ்வளவு முடியும்"னு கேளுங்க.

குமுளிச்சாலை:
வாங்கினவர் இறந்துட்டா? வாரிசு பொறுப்பு அவர் விட்டுப்போன சொத்தளவுக்குத்தான். அதுக்கும் கணக்கு வேணுமே. எழுத்தில்லாம அந்த வீட்டம்மாகிட்ட என்ன சொல்லுவீங்க?

மேற்குமலை:
அதுக்காக ஆளுக்கொரு துண்டுச்சீட்டு, தொகையும் தேதியும் போட்டு, ரெண்டு வீட்டுலயும் காட்டி வைக்கலாம். ஸ்டாம்பு கிடையாது. அதுக்கு மேல நான் இறங்க மாட்டேன் அண்ணே.