புதுப்பிப்பு: 1951 செவர்லே 3100, பலகைத் தளம் மாற்றியாச்சு

என் பழைய பிக்கப்பின் பின்தளப் பலகைகள் உளுத்துவிட்டன, ஓக் மரம் போடலாமா பைன் மரம் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஓக்தான் போட்டேன். பளு ஏற்றினால் அதுதான் தாங்கும்.

கழற்றுவதுதான் பெரும்பாடு. பலகைகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்குத் தலைக்குக் கீழே சதுரக் கழுத்து இருக்கும். பலகைகளுக்கு நடுவே இடுக்கை மூடி ஓடும் இரும்புப் பட்டையின் சதுர ஓட்டை அதைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். துரு அந்த ஓட்டையைத் தின்றிருந்ததால் நட்டைத் திருப்பினால் போல்ட்டும் கூடவே சுற்றியது. எல்லாவற்றையும் கிரைண்டரில் அறுத்தெடுத்தோம். புதிதாகப் போட்டவை ஸ்டெயின்லெஸ். ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், ஈரத்தோடு சாதா இரும்பு பட்டால் மரம் கறுத்துவிடும்.

பலகைகளை நெருக்கி அடிக்காதீர்கள். ஈரம் ஏறினால் மரம் அகலவாக்கில் உப்பும், அதற்கு இடைவெளி வேண்டும். இரும்புப் பட்டை அந்த இடைவெளியை மறைத்துக்கொள்ளும். அப்புறம், வார்னிஷை மேல்பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளைந்துவிடும். அடிப்பக்கம், வெட்டுமுனை, போல்ட் ஓட்டைக்குள் என எல்லா இடத்திலும் பூசிவிட்டுத்தான் பூட்டினேன்.

பிளைவுட் போதும் என்றவர்களுக்கு நன்றி, ஆனால் இந்த வண்டிக்கு அழகே அந்தப் பலகை வரிசைதான். டெயில்கேட் (பின்கதவு) பெயிண்ட் பாக்கி, முடிந்ததும் படம் போடுகிறேன்.