கூட வந்து நின்னவங்க எங்க போனாங்க? வேலூர் பக்கத்து அனுபவங்கள்

குடியாத்தம் அம்மா:

எங்க பையனுக்கு மூளை முடக்குவாதம், 14 வயசு. மாசம் 2000 பராமரிப்பு உதவித்தொகை வந்துகினு இருந்தது, திடீர்னு நின்னுபோச்சு. பேங்க்ல கேட்டா மாற்றுத்திறனாளி நல ஆபீஸ்ல கேளுன்றாங்க, ஆபீஸ்ல கேட்டா பேங்க்ல கேளுன்றாங்க. இது உங்க எல்லாருக்கும் நடந்திருக்கும்.

நான் சொல்ல வந்தது ஒரு அக்காவப் பத்தி. ஒரு தொண்டு நிறுவனத்துல வேலை செஞ்சாங்க, எங்ககூட ஆபீஸ் ஆபீஸா வருவாங்க. அன்னிக்கு ரேகை மெஷின்ல பையன் விரலு பதியல. அவன் கை எப்பவும் இறுகியே கெடக்கும், அவசரப்பட்டு இழுத்தா இன்னும் இறுகும். பின்னாடி வரிசையில முணுமுணுன்னு பேச்சு. கவுண்டர்ல இருந்தவரு "அப்புறம் வாங்கம்மா"ன்னு அடுத்த ஆளக் கூப்ட்டாரு. நான் அவன் சக்கர வண்டியத் திருப்பிட்டேன். அக்கா நகரல. குனிஞ்சு அவன் மணிக்கட்ட உள்பக்கமா மெதுவா மடக்கினாங்க. விரலு தானா ஒண்ணொண்ணா விரிஞ்சுது. திரும்ப வெச்சுப் பாத்தும் ரேகை விழல. "சரி, பதியலன்னு எழுத்துல குடுங்க சார்"ன்னாங்க. சத்தமே போடல. அந்தாளு நிமிந்து பாத்துட்டு இன்னொரு பாரம் எடுத்தாரு. அடுத்த மாசம் பணம் வந்துச்சு.

இப்ப அக்கா இல்ல. நிறுவனத்துல பணம் இல்லன்னு நிறுத்திட்டாங்க, துணிக்கடைக்குப் போறாங்கன்னு கேள்வி. இந்த வருஷம் திரும்ப நின்னுபோச்சு. நான் தனியா போய் நின்னேன். "எழுத்துல குடுங்க" தொண்டை வரைக்கும் வந்துச்சும்மா, வெளிய வரல.

காட்பாடி, முன்னாள் கணக்கர்:

அம்மா, இந்த மாதிரி ஒரு நிறுவனத்துல 6 வருஷம் கணக்கு எழுதினவன் நான். உங்க அக்கா போன கதை எனக்குத் தெரிஞ்ச கதை. எங்களுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசோட தீனதயாள் மறுவாழ்வுத் திட்டத்துல மானியம். செலவுல அதிகபட்சம் 90 சதவீதம் அவங்க தருவாங்க, மீதியை நாம தேத்தணும். இ-அனுதான்ற மானிய இணையதளத்துல விண்ணப்பம் போடணும், மாவட்டத்துல இருந்து ஆய்வுக்கு வரணும், மாநிலம் பரிந்துரை பண்ணணும், அப்புறம் டெல்லி. சிறப்புப் பள்ளிக்குன்னு செலவுத் தலைப்பு உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சிக்கு உண்டு. மனு எழுதிக் கொடுத்து, கூடவே போய் கவுண்டர்ல நிக்கற ஆளுக்குன்னு தலைப்பு கிடையாது. அவங்க சம்பளம் நன்கொடையிலதான். சென்னையில ஒரு பெரிய அமைப்பு தனக்கு வர்ற வெளிநாட்டு நிதியில கொஞ்சம் எங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்துட்டிருந்தது. 2020-ல வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தினாங்க, ஒரு அமைப்பு இன்னொண்ணுக்கு மாத்தித் தரக்கூடாதுன்னு ஆயிடுச்சு. அதோட எங்க களப்பணியாளர் ரெண்டு பேரும் போனாங்க.

எனக்குத் தூக்கத்துல வர்றது ஒரு ஆய்வு நாள். பதிவேட்டுல 25 பிள்ளைங்க. வந்தவர் பேனாவை நீட்டி நீட்டி ஒவ்வொரு தலையா எண்ணினார். நாலு குறைஞ்சுது. அந்த நாலு பேரும் எங்க களப்பணியாளர் பொண்ணுகூட அடையாள அட்டை முகாமுக்குப் போயிருந்தாங்க. முகாம் நோட்டீஸைக் காட்டினேன். "இங்க இல்லைல்ல, அப்ப ஆப்சென்ட்தான்"னு நாலு பேருக்கு நேராவும் சிவப்பு மையில போட்டார். அன்னிக்கு நாங்க செஞ்சதிலேயே உருப்படியான வேலை அந்த நாலு பேரை முகாமுக்குக் கூட்டிட்டுப் போனதுதான்.

ராணிப்பேட்டை, சக்கர நாற்காலி:

கணக்கர் சார், தலைப்பு இல்லைன்னு வருத்தப்படறீங்க. தலைப்பு இருந்தாலும் அந்தப் பணத்தை வாங்கக் கூடாதுன்றேன் நான். 2019-ல வேலூரை மூணாப் பிரிச்சப்ப எங்க ஃபைல் எல்லாம் எந்த மாவட்டத்துல இருக்குன்னே தெரியாம அலைஞ்சோம். அந்த அலைச்சல்ல போன ஒரு ஆபீஸ்ல சாய்தளமே இல்ல. என்னை ரெண்டு பேர் தூக்கிட்டுப் போனாங்க, சட்டை மேல ஏறி வயிறு தெரிய, அத்தனை பேர் முன்னாடி. மனு எழுதினோம். ஒரு நிறுவனத்துச் செயலாளரும் எங்களோட கையெழுத்துப் போட்டாரு. மறுநாள் காலையில ஓடி வந்தாரு. "எங்க மானியக் கோப்பு அவங்க கையிலதான் இருக்கு, புரிஞ்சுக்கோங்க"ன்னு அவரு பேரை அவரே அடிச்சாரு. பால்பாயிண்ட் பேனா, அழுத்தின அழுத்துல தாளே கிழிஞ்சுது. நல்ல மனுஷன் சார் அவரு. கை நடுங்குச்சு.

அதுலருந்து எங்க சங்கத்துல ஆளுக்கு மாசம் 20 ரூபா சந்தா, அவ்வளவுதான். யாரு கிட்டயும் கை நீட்டறதில்ல.

காட்பாடி, முன்னாள் கணக்கர்:

தம்பி, உங்க சங்கத்துல எல்லாரும் வாய்விட்டுப் பேசத் தெரிஞ்சவங்க. எங்ககிட்ட வந்த பிள்ளைங்களுக்குத் தன் பேரு சொல்ல வராது. பெத்தவங்க பாதிப் பேரு பீடி சுத்தறவங்க. அவங்க கூலியை விட்டுட்டு ஆபீஸுக்கு வர்றதே பெருசு, அவங்ககிட்ட சந்தா கேப்பீங்களா? பணம் கொடுக்கற மேஜையும் புகாரை வாங்கற மேஜையும் ஒண்ணா இருக்கறதுதான் கோளாறு. ரெண்டையும் பிரிச்சு, வேற கதவு வழியா பணம் வந்தா அந்தச் செயலாளர் பேரை அடிச்சிருக்க மாட்டார். அரசுப் பணம் நம்ம வரிப்பணம். அதை ஏன் வேண்டாம்னு சொல்லணும்?

ராணிப்பேட்டை, சக்கர நாற்காலி:

அந்த வேற கதவை யாராச்சும் காட்டுங்க, ஒத்துக்கறேன்.

அணைக்கட்டு:

எங்க அப்பா கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில வைத்தியம் பாத்து குணமானவர். அவர் கொடுத்த தாளை ஒருத்தர் கையால தொடாம ஸ்கேலால தள்ளிவிட்டார். அப்பா வீடு வர்ற வரைக்கும் பேசல. என் கதை அவ்வளவுதான்.

கதவு கேட்டீங்களே, ஒண்ணு இருக்கு. 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 12-வது பிரிவு. மாற்றுத்திறனாளின்னா வருமான வரம்பு பாக்காம இலவசமா வக்கீல் தரணும். அதுவும் அரசுப் பணம்தான், ஆனா நல அலுவலகம் வழியா வரல, நீதித்துறை வழியா வருது. வேலூர்ல சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்துல போய் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுன்னு கேளுங்க. சட்டத் தன்னார்வலர்னு ஆள் வெச்சிருக்காங்க, மனு எழுத உதவுவாங்க. கணக்கர் சார், நின்னுபோன உங்க களப்பணியாளரை அதுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்க. முழுச் சம்பளம் ஆகாது, மதிப்பூதியம்தான்.

குடியாத்தம் அம்மா, வாயால கேக்க வரலன்னா கேக்க வேணாம். தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டி, "என் மகனின் உதவித்தொகை எந்தத் தேதியில், எந்தக் காரணத்துக்காக நிறுத்தப்பட்டது"ன்னு ஒரே ஒரு கேள்வி எழுதுங்க. 30 நாள்ல எழுத்துலதான் பதில் தந்தாகணும், உங்க அக்கா கேட்டது அதுவேதான். ஸ்பீட் போஸ்ட்ல பதிவு பண்ணி அனுப்புங்க, ரசீதைத் தொலைக்காதீங்க. அப்பவும் அசையலன்னா மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல அவருக்கு ஆளை வரவழைச்சு விசாரிக்கற சிவில் கோர்ட்டு அதிகாரம் உண்டு. 2025-ல உள்ளாட்சிகள்ல மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினரா போடச் சட்டம் வந்திருக்கு, உங்க நகராட்சியில யாருன்னு விசாரிச்சு அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. தனியா மட்டும் போகாதீங்க.

குடியாத்தம் அம்மா:

எழுதி வெச்சுக்கினேன் தம்பி. உங்க அப்பாவுக்கு என் கும்பிடு. வியாழக்கிழமை வர்றேன். பையனை விட்டுட்டு வர ஆளில்ல, தூக்கிகினுதான் வரணும். அந்த ஆணைக்குழு ஆபீஸ் கீழயா, மாடியா? படி எத்தனை இருக்கும்?